பாஸு தாண்டிப்போன வீடு

அட்லஸ் மலையில், தக்ஸுத் ஊரில் பொதுவேலை என்றால் முந்தின நாள் சாயங்காலமே பள்ளிவாசல் கூரையில் ஒருத்தர் ஏறி, வீடு வீடாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிட்ட வீட்டிலிருந்து ஓர் ஆள் வந்தாக வேண்டும். வேலைக்கு வந்த வீட்டுக்குத்தான் ஊர்க்கூட்டத்தில் பேச்சு உண்டு.

ஊற்றிலிருந்து குழாய் இழுக்கும் திட்டம் வந்த வருஷம் கூரையில் ஏறியது பாஸு. ஈஜாவின் புருஷன் ஹம்முவுக்குச் சித்தப்பா மகன் அவன். பார்லி மாவு பிசைந்த கையோடு ஈஜா வாசலில் நின்று கேட்டாள். மேல்வீட்டைக் கூப்பிட்டான். மிமூன் வீட்டைக் கூப்பிட்டான். அடுத்தது ஹம்மு வீடு. தாண்டிப் போய்விட்டான்.

ஹம்மு இறந்து இரண்டு குளிர்காலம் ஆகியிருந்தது. பிள்ளைகள் எல்லாம் பெண்கள். மூத்தவளை அவள் அத்தை மகனுக்கே கட்டிக்கொடுத்தாயிற்று. ஆணில்லாத வீட்டைக் கூப்பிடுவானேன் என்று பாஸு இரக்கப்பட்டான். அந்த இரக்கம்தான் ஈஜாவுக்குச் சுருக்கென்றது. தண்ணீர் கொடுக்காமல் விடமாட்டார்கள். ஆனால் தானமாகக் கொடுப்பார்கள். குழாயை எங்கே வைக்கலாம் என்று அவளை யாரும் கேட்கமாட்டார்கள்.

விடிந்ததும் ஹம்முவின் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு போய் நின்றாள்.

“அண்ணி, வீட்டுக்குப் போங்க. உங்களை வேலை வாங்கினா அண்ணன் கனவுல வந்து அடிப்பான்” என்றான் பாஸு.

“வந்தா இங்க அனுப்பு. கல்லைத் தூக்க ஆள் வேணும்.”

மிமூன் சிரித்தான். “இது களை பறிக்கிற வேலைன்னு நெனச்சியாக்கா?”

“உன் பொண்டாட்டி மலையிலேருந்து விறகு சுமந்து வர்றப்ப நீ என்னடா பண்றே? டீ ஆத்திக்கிட்டுத்தானே இருக்கே?”

இப்போது எல்லோரும் மிமூனைப் பார்த்துச் சிரித்தார்கள். குழாய் பதிக்கத் தோண்டும் பள்ளத்தில், அவனுக்கும் மேல்வீட்டுக்கும் நடுவே அவளுக்குப் பங்கு விட்டார்கள். கல்லும் வேருமான இடம். பொழுது சாய்வதற்குள் தோண்டி முடித்தாள். ஒரே ஒரு பாறைக்கு மட்டும் மிமூன் கை கொடுத்தான். அதை ஒப்புக்கொண்டாள், ஆண்களும் ஒருத்தருக்கொருத்தர் கை கொடுத்துக்கொண்டுதானே இருந்தார்கள்! அடுத்த முறை, புருஷன் பட்டணத்துக்குப் பிழைக்கப் போயிருந்த இரண்டு பெண்களும் கடப்பாரையோடு வந்தார்கள்.

கூட்டத்தில் குழாயைப் பள்ளிவாசல் முற்றத்தில் வைப்பதாகப் பேச்சு. திட்டத்து அதிகாரியும் தலையாட்டினார். ஈஜா எழுந்தாள்.

“குடம் சுமக்கிறது நாங்க. பள்ளிவாசல் மேட்டுல ஏறி இறங்கப்போறதும் நாங்க. கீழே களத்துமேட்டுப் பக்கம் வைங்க, ஆடும் குடிக்கும்.”

யாரோ முணுமுணுத்தார்கள். பாஸு கையை உயர்த்தினான். “தோண்டின வீடு பேசுது. கேளுங்க.”

குழாய் களத்துமேட்டுக்கு வந்தது.

சில வருஷம் கழித்து, திட்டத்து வண்டிகள் மலையை மறந்தபிறகு, காட்டாறு குழாயைப் பிய்த்துக்கொண்டு போனது. பட்டணத்துக்கு யாரும் ஆள் அனுப்பவில்லை. கொட்டுகிற மழையில் பாஸு கூரையில் ஏறினான்.

“மேல்வீடு! மிமூன் வீடு! ஈஜா வீடு!”

ஹம்மு வீடு என்று சொல்லவில்லை. ஈஜா கடப்பாரையை ஏற்கெனவே எடுத்து வாசலில் சாய்த்து வைத்திருந்தாள். நன்றாகத்தான் கேட்டது. இருந்தாலும் வெளியே வந்து கத்தினாள்.

“மழையில சரியாக் கேக்கலை பாஸு! இன்னொரு தடவை சொல்லு!”

பாஸுவுக்குப் புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே, எதிர்மலைக்கும் கேட்கும்படி இன்னொரு தடவை கூப்பிட்டான்.