சிப் நல்ல சிப்தான்

தாம்பரத்துக்குப் பக்கத்தில் மேசை விசிறி செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்த்தேன். டிசைன் பிரிவில் இரண்டே பேர், நானும் இன்னொரு பெண்ணும். அவள் பீர்க்கன்கரணையிலிருந்து வருவாள், நான் செம்பாக்கத்திலிருந்து. மதியத்தில் ஒருத்தி டப்பாவை மற்றவள் திறக்கும் அளவுக்குப் பழக்கம்.

பிரஷ்லெஸ் மோட்டார் வைத்த புது விசிறி போடலாம் என்று முதலாளி முடிவு செய்தார். அந்த மோட்டார் வெறுமனே கரண்ட் கொடுத்தால் சுற்றாது. உள்ளே காந்தம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்து, சுருள்களுக்கு மாற்றி மாற்றி மின்சாரம் அனுப்ப ஒரு மைக்ரோகன்ட்ரோலர் வேண்டும். எந்த சிப் என்பதுதான் கேள்வி. மோட்டார் ஓட்டுவதற்கென்றே வசதிகள் செய்த, கொஞ்சம் விலை கூடிய சிப்பை நான் சொன்னேன். அவள் சொன்னது எட்டு பிட் சிப், சின்னது, மலிவு.

"ஃபேன்தானேடி, ராக்கெட்டா விடப்போறோம்? இது போதும்" என்றாள்.

இன்னும் ஒரு டீ குடித்திருந்தால் நாங்களே பேசி முடித்திருப்போம். முதலாளி விடவில்லை.

"ஆளுக்கு ஒண்ணு செஞ்சு எடுத்துகினு வாங்க. யார்து நல்லா ஓடுதோ அவங்க இருக்கட்டும். ரெண்டு பேருக்கு இங்க வேலை இல்ல."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

காட்டவேண்டிய நாளில் பேக்கிங் ஆட்களைக்கூட வேலையை நிறுத்தி வரச் சொன்னார். எல்லாரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். என் மோட்டார் சுற்றியது. அவர் அச்சை விரலால் பிடித்து நிறுத்தினார். விட்டதும் மறுபடி சுற்றியது. அவளுடையது ஒரு கணம் பின்பக்கம் துள்ளி, பிறகு ஓடத் தொடங்கியது. என்னுடையதைவிடச் சத்தம் குறைவு. அவர் கையை நீட்டினார்.

"சார், பிடிக்காதீங்க சார். பிடிச்சா ஆஃப் ஆகுற புரொடெக்‌ஷன் புரோகிராம் இன்னும் எழுதல. நாளைக்குப் போட்டுடுவேன்."

அவர் மோட்டாரைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே அச்சை இறுக்கிப் பிடித்தார். பட்டென்று வெடித்து, போர்டிலிருந்து புகை வந்தது.

"இன்னாம்மா, சூடம் கொளுத்திட்ட?"

எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்காமல் இருக்க யாருக்கும் தைரியம் இல்லை.

"மேஜையத் தொடச்சிட்டுக் கெளம்பு" என்றார். அவள் துணி தேடினாள். "அதான் துப்பட்டா கீதே."

அவள் தன் துப்பட்டாவாலேயே கரியைத் துடைத்தாள். உதவ நான் அவள் பக்கம் நகர்ந்தேன். "நீ எங்க வர? ஜெயிச்சவ அங்கயே நில்லு" என்றார்.

அடுத்த வாரம் என் மேசையில் ஒரு பொட்டலத்தை வைத்தார். உள்ளே அவள் தேர்ந்தெடுத்த அதே எட்டு பிட் சிப்.

"சார், இது அவ சொன்னது."

"சிப் நல்ல சிப்தான்மா. வெலையும் கம்மி. ஆளுதான் வேணாம்."

அவள் வரைந்த போர்டு மறுபடி எரியாமல் இருக்க வழி கண்டுபிடிக்க முடியாமல் அவளுக்கே போன் செய்தேன். சாதாரணக் குரலில் பேசினாள்.

"மோட்டார் நின்னா கரண்ட் ஏறும். அதப் பாத்து ஆஃப் பண்ற கம்பேரட்டர் அந்த சிப்புக்குள்ளயே இருக்கு. போர்டுல லைன்கூட இழுத்து வெச்சிருக்கேன். நீ ஆன் பண்ணா போதும்." பிறகு சொன்னாள்: "ஒரு நாள் வேலைடி. அவ்வளவுதான் கேட்டேன். இனிமே எனக்குப் போன் பண்ணாத."

அன்று சாயங்காலமே அதை எழுதி முடித்தேன். விசிறி சந்தைக்கு வந்தது. டீலர்களைக் கூட்டி வைத்து முதலாளி என்னைக் காட்டினார்: "இந்தப் பொண்ணுதான் சிப் செலக்ட் பண்ணது."

நான் எழுந்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "நான் இல்ல சார். நீங்க வேலைய விட்டு அனுப்பினீங்களே, அவதான்" என்றேன்.

அவர் என் தோளைத் தட்டிச் சிரித்தார். "பாத்தீங்களா, எவ்ளோ அடக்கம்!"

டீலர்கள் கை தட்டினார்கள். கை தட்டி முடியும்வரை நான் நின்றுகொண்டே இருந்தேன்.