மூன்று இழை மப்ளர்

ஜாக்கி வழுக்கி அப்பாவின் இடது கையை நசுக்கியபோது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். கம்பத்திலிருந்து கேரள ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் ஆள் ஏற்றிப்போவது அவர் வேலை. எலும்பு கூடிவிட்டது, விரல்கள் மடங்கவில்லை. கியர் பிடிக்க முடியாமல் அவர் வீட்டில் உட்கார, அம்மா இன்னொருவர் ஜீப்பில் ஏலக்காய் பறிக்கப் போக ஆரம்பித்தாள்.

தேனியில் நர்ஸாக இருந்த சித்தி ஒருநாள் கட்டைவிரல் பருமனில் இரண்டு மரப் பின்னல் ஊசிகளைக் கொண்டுவந்தாள். மெல்லிய ஊசி அப்பாவின் பிடிக்கு நிற்காது, இதை வைத்துப் பின்னினால் விரல்கள் பழகும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். கன்னியாஸ்திரீகள் நடத்திய எங்கள் பள்ளியில் நான் பின்னல் கற்றிருந்தேன். ஆகவே அப்பாவுக்கு வாத்தியார் நான்தான். வகுப்பு கதவைச் சாத்திக்கொண்டு நடந்தது. ஜீப் ஸ்டாண்டுக்குத் தெரிந்துவிடக்கூடாது என்பது மாணவரின் ஒரே நிபந்தனை.

மலைக்குளிர் அம்மாவுக்கு ஆகவில்லை. அவளுக்கு ஒரு மப்ளர் என்று முடிவாயிற்று. நூல் வாங்குவது என் பொறுப்பு. நிறத்தை மட்டும் பார்த்து, மெல்லிய இழையில் ரோஸ் நிற உல்லன் உருண்டைகள் வாங்கினேன். அந்தத் தடித்த ஊசியில் அது வெங்காய மூட்டை வலைபோல வந்தது. ஒவ்வொரு கண்ணியிலும் என் இரண்டு விரல்கள் நுழைந்தன. அடுத்து, கொடிக்கயிறு கனத்தில் ஒரு நூல் வாங்கிவந்தேன். அதில் கண்ணிகள் ஊசியை இறுக்கிக்கொண்டு நகர மறுத்தன. தள்ளித் தள்ளி அப்பாவின் விரல்கள் வீங்கின. ஊசிகளைச் சுவரோரம் வீசினார்.

"எனக்கு இதுவும் வரல ஆத்தா."

நான் அழுதேன். அவருக்காக அல்ல, இரண்டு நூலும் வீணாயிற்றே என்று.

மறுநாள் பள்ளி விட்டு வந்தபோது அப்பா அந்த ரோஸ் நூலில் மூன்று இழைகளைச் சேர்த்து ஊசிமேல் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணையும் ஒண்ணாப் பிடிப்போம். தொளதொளன்னும் இருக்காது, இறுக்கவும் செய்யாது. நீ ஒரு வரி போட்டுப் பாரு."

போட்டேன். கண்ணிகள் தடையில்லாமல் நகர்ந்தன, பின்னல் மெத்தென்று சேர்ந்து நின்றது. அன்றிலிருந்து அவர் ஒரு வரி, நான் ஒரு வரி. அவருடையவை கோணலாக இருந்தன. நாலைந்து வாரத்தில் சுண்டுவிரல் மடங்கியது.

மார்கழியில் அம்மா அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு ஜீப் ஏறினாள். கீழே இறங்கி வெயிலில் வரும்போதும் கழற்றவில்லை. ஒரு சாயங்காலம் அவளை அழைத்துவர ஜீப் நிற்குமிடத்துக்குப் போயிருந்தேன். கூட வேலைசெய்யும் பெண் ஒருத்தி மப்ளரை இழுத்துப் பார்த்து, "எங்கன வாங்குன?" என்றாள்.

"வாங்கல. எங்க வீட்டுல அவுகதான் பின்னுனாக," என்றாள் அம்மா, ஜீப்பில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி.

பாதி வரிகள் போட்டவள் பக்கத்திலேயே நிற்கிறேன். இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை. என் தட்டில் ஒரு முட்டை கூடுதலாக வைத்தாள்.

சித்திரையில் அப்பா மறுபடி கியர் பிடித்தார். அந்த வருடம் முழுவதும் எங்களைத் தாங்கிய அம்மாவை நான் நன்றியோடு நினைக்காத நாளில்லை. 'கை போன ஆளை வச்சு என்ன செய்யப்போற' என்று ஜீப்பில் தினமும் அவளிடம் கேட்டார்களாம். சித்தி பல வருடம் கழித்துத்தான் சொன்னாள். அன்று சாயங்காலம் அம்மா யாருக்குப் பதில் சொன்னாள் என்பது பத்து வயதில் எனக்குப் புரியவில்லை.