சங்கிலி வசனமும் மூன்று படகோட்டிகளும்

மேடையில் வீராவேசமாகப் பேசுகிறவரின் இடுப்புத்துணி ஒரே ஒரு ஊக்கில்தான் நிற்கிறது என்பது நாடகத்துக்கு டிரஸ் மாட்டிவிடுகிறவளுக்குத்தான் தெரியும்.

ராயபுரம் கல்மண்டபம் பக்கம், எங்கள் மாதா கோயில் திருவிழாவில் வருசா வருசம் ஒரே நாடகம். கடலுக்குப் போக வரி கட்ட மாட்டேன் என்ற படகோட்டியைச் சங்கிலி போட்டு ராஜா முன்னால் நிறுத்துவார்கள். தலையை வாங்குவதற்கு முன்னால் அவன் பேசுவதுதான் சங்கிலி வசனம். "கடலுக்கு வேலி போட்டது யார், மன்னா?" என்று ஆரம்பிக்கும். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் மனப்பாடம். உடுப்பு தைப்பதும் சங்கிலி மாட்டுவதும் என் வேலை. நான் அஞ்சாவதோடு நின்றவள். நாலு பேர் முன்னால் வாய் வராது. ஆனால் அந்த வசனத்தை யார் எப்படிப் பேசினார் என்று கேட்டால், நான் சொல்வதுதான் தீர்ப்பு. மடியில் என் பாப்பாவோடு சைடு படுதாவுக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லாரையும் கேட்டிருக்கிறேன்.

இந்த வருசம் கமிட்டித் தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார்: வசனத்தின் நடுவில் ஜனம் எழுந்து போனால் அடுத்த வருசம் நாடகம் கிடையாது, பாட்டுக் கச்சேரிதான். எனக்குத் திக்கென்றது. மற்ற நாளெல்லாம் நான் 'பாப்பா அம்மா'. திருவிழாவில்தான் "ரெஜினாவக் கூப்புடு" என்று என் பேர் காதில் விழும். தலைவர் அப்படிச் சொன்னதற்கும் காரணம் இருந்தது. என்னை மாதிரி மேடைக்குப் பின்னால் நின்று பழகின உங்களுக்குப் புரியும், கேளுங்கள்.

கைதட்டலுக்குக் காத்திருந்தவர்

போன வருசத்துக்கு முந்தின வருசம், டிவி சீரியலில் தலைகாட்டுகிற ஒருவரை வெளியிலிருந்து கூட்டிவந்தார்கள். நல்ல உயரம், நல்ல குரல். "சங்கிலிய லூசா மாட்டும்மா, தோள் அகலமா தெரியணும்" என்றார். மாட்டினேன். ஒரு வரி சொல்வார், நிறுத்துவார், கூட்டத்தைப் பார்ப்பார். கைதட்டு வராமல் அடுத்த வரி வராது. குரலில் குறையே இல்லை. ஆனால் தலை போகப்போகிறவனுக்கு அவ்வளவு நிதானம் ஏது? முன்னால் உட்கார்ந்திருந்த மீன்கார ஸ்டெல்லா அக்கா, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தே விட்டாள்.

"இன்னா தம்பி, பஸ்ஸுக்கா வெயிட் பண்ணிக்கினு கீற? சட்டுனு சொல்லு, புள்ளைக்குத் தூக்கம் வருது."

மீசையைப் பிடித்துக்கொண்டு பேசியவர்

போன வருசம் கபீர் பாய். வண்ணாரப்பேட்டையில் போர்வை வியாபாரம். இளகின மனசு. படகோட்டி தன் மகளை நினைக்கிற இடத்தில் நிஜமாகவே அழுதார். எனக்கும் கண் கலங்கியது. ஆனால் மீசை ஒட்டிவிடுகிற நம் வேலைக்குக் கண்ணீர் மாதிரி எதிரி கிடையாது. பசை இளகி மீசை ஒரு பக்கமாகத் தொங்கிவிட்டது. பாய் விரலால் அதை அமுக்கிக்கொண்டு மீதி வசனத்தை வாய்க்குள்ளேயே பேசி முடித்தார். ஒன்றும் காதில் விழாமல் பின்வரிசை மொத்தமும் கிளம்பிவிட்டது. உள்ளே வந்தவர் மீசையைப் பிய்த்து என் கையில் கொடுத்தார்.

"அடுத்த தபா படகோட்டிக்கு மீசையே வாணாம்மா, பேஜாரா பூட்ச்சு."

கிரேனுக்குக் கீழே நிற்பவர்

இந்த வருசம் ஆரோக்கியம் அண்ணன். துறைமுகத்தில் சிக்னல்மேன். கீழே நின்றுகொண்டு, மேலே இருக்கிற கிரேன் ஆபரேட்டருக்கு, கன்டெய்னர் பெட்டியை ஏற்று, இறக்கு என்று கையாலேயே காட்டுவார். வாய்க்கு வேலையே இல்லாத ஆள் என்று கமிட்டிக்குப் பயம். எனக்கு இல்லை. ஒத்திகையில் கேட்டிருந்தேன், அந்தக் குரலில் பொய் இல்லை.

முதல் வரி பிரமாதம். அப்புறம் உணர்ச்சி ஏற ஏற, கை தானாகத் தூக்கிக்கொண்டது. விரல் மேலே சுற்றுகிறது, ஏற்று என்று. உள்ளங்கை கீழே போகிறது, மெதுவாக இறக்கு என்று. கூட்டத்தில் பாதி துறைமுக ஆட்கள். "மாமு, பொட்டிய ஏத்தட்டா, எறக்கட்டா?" என்று ஒருவன் கத்தினான். ஒரே சிரிப்பு. பின்வரிசை எழுந்தது. தலைவரும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். முடிந்தது கதை என்று பாப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அண்ணன் பேச்சை நிறுத்தினார். இரண்டு கையையும் பக்கவாட்டில் விறைப்பாக நீட்டினார். வெள்ளி பெயிண்ட் அடித்த என் பிளாஸ்டிக் சங்கிலி பட்டென்று அறுந்து விழுந்தது. ஆனால் துறைமுகத்தில் அந்தக் கைக்கு ஒரே அர்த்தம்தான்: எல்லாம் அப்படியே நிற்கணும், இல்லையென்றால் கீழே ஆள் நசுங்குவான். பழக்கம், பாருங்கள். சிரித்தவன் வாயை மூடினான். எழுந்தவன் எழுந்த இடத்திலேயே நின்றான். கையை இறக்காமலே அண்ணன் மிச்ச வசனத்தை, பக்கத்தில் இருக்கிறவரிடம் சொல்கிற மாதிரி, மெதுவாகச் சொல்லி முடித்தார். ஒருத்தர் நகரவில்லை. மூன்று பேரில் இவர்தான் படகோட்டி, சந்தேகமே வேண்டாம். தலைவர் படுதாவை விலக்கி உள்ளே தலையை நீட்டினார்.

"ரெஜினா, அடுத்த வருசமும் நாடகந்தான், போ. சங்கிலிய மட்டும் இரும்புல வாங்கிடு, இல்லாங்காட்டி படகோட்டி வூட்டுக்கு ஓடிப்பூடுவான்."

குரலையும் அழுகையையும் வைத்து நடிகரை எடை போடுகிறவர்கள் போட்டுக்கொள்ளட்டும், எங்கள் ஊர் ஜனத்தை அசையாமல் வைக்க வேண்டுமானால் ஆள் கிரேனுக்குக் கீழே நின்று பழகியிருக்க வேண்டும்.