பக்கத்துக் கட்டில்காரர்

மதுரை ஆஸ்பத்திரியில் என் தம்பிக்குப் பக்கத்துக் கட்டில்காரருக்கு இருபத்தைந்து வயதிருக்கும். சமயநல்லூர் பக்கம் பைக்கிலிருந்து விழுந்ததில், கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. அவர் போனில் ஒரு சீனக் கதை படிப்பார். முகத்துக்கு நேரே நான் பிடிப்பேன். கண்ணை இறுக்கி மூடித் திறந்தால் பக்கம் தள்ளுவேன்.

கதாநாயகன் திமிர் பிடித்தவன். குருவுக்கே தலைகுனியாதவன். எதிரிகள் அவன் முதுகெலும்பை நொறுக்கிக் குகையில் எறிந்தும், மூச்சை அடக்கி அடக்கியே எலும்பை ஒட்டவைத்தான்.

“அதுக்கு எம்புட்டு நாளாச்சு மாப்ள?”

“நூறு வருசம்ணே. ஆனா அவனுக்கு வயசு ஏறாது.”

ஒரு மத்தியானம், கதையில் அவன் எழுந்து நின்றான். இவர் கண்ணை மூடவில்லை.

“தள்ளவா?”

“வேணாம்ணே. அடுத்த பக்கத்துல சண்டைக்குக் கூப்பிட்ருவாங்க. கொஞ்ச நேரம் நிக்கட்டும்.”

திரை இருளும்போதெல்லாம் தொட்டுத் தொட்டு, கை கடுக்கும்வரை அவனை நிற்கவைத்தேன்.