மேனேஜர் அணைத்த சிவப்புக் கோடு

நிரல் எழுதும் எடிட்டரில் ஒரு வரியின் கீழே நெளிநெளியாகச் சிவப்புக் கோடு விழுந்தால் எனக்கு இன்றைக்கும் பக்கத்து நாற்காலி அக்காவின் ஞாபகம்தான் வரும். கூடவே ஆத்திரமும் வரும். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகளுக்கு முறை பிரித்துக் கொடுக்கும் மென்பொருளை எழுதிய, திருவொற்றியூரில் இருந்த சின்ன கம்பெனியில் அப்போது நாங்கள் வேலை பார்த்தோம். அக்கா புளியந்தோப்பிலிருந்து ஷேர் ஆட்டோ மாறி மாறி வருவார். வந்ததும் அவர் செய்த முதல் காரியம், எங்கள் எடிட்டர்களில் லின்டரைப் பொருத்தியது. நாங்கள் நிரல் எழுதிய பைத்தான் மொழி ஒரு மாதிரி. தப்பான வரியை வைத்துக்கொண்டே ஓடும். அந்த வரிக்கு வேலை வரும்போதுதான் குப்புற விழும். லின்டரோ நிரலை ஓடவிடாமலே படித்து, இல்லாத ஒன்றை எங்கே கூப்பிடுகிறோமோ அங்கே கோடு போட்டுக் காட்டிவிடும். அதற்கான அமைப்புக் கோப்பு எல்லோருக்கும் பொது. ஒருவர் மாற்றினால் அத்தனை பேருக்கும் மாறும்.

மேனேஜருக்கு அந்தக் கோடுகளைக் கண்டாலே ஆகாது. வாடிக்கையாளர்கள் வரும்போது எங்கள் திரையைப் பெரிய டிவியில் போட்டுக் காட்டுவது அவர் வழக்கம். பார்க்கவே கலீஜாக இருக்கிறது என்று சொல்லி, பொதுக் கோப்பில் லின்டரையே அணைத்துவிட்டார். வேண்டாத எச்சரிக்கைகளை மட்டும் நிறுத்தித் தருகிறேன் என்று அக்கா கெஞ்சாத குறையாகச் சொல்லிப் பார்த்தார். மேனேஜர் காதில் வாங்கவில்லை.

"கோட்ட மறைச்சிட்டா தப்பு பூடுமா சார்? அது உள்ளதான் குந்திகினு கீது," என்றார் அக்கா. அந்தப் பேச்சைக் கேட்டுச் சிரித்தாரே அந்த மனிதர், அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவே மாட்டேன்.

அடுத்த வாரமே, அக்கா எழுதியிருந்த ஒரு ஃபங்ஷனை, அதாவது நிரலின் ஒரு துண்டை, எதற்கும் உதவாது என்று மேனேஜர் அழித்தார். இறால் ஏற்றி வரும் குளிர்பதன கன்டெய்னர்களுக்கு முறை கொடுக்கும் வரி மட்டும் அதைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. கோடு விழவேண்டிய இடம், விழவில்லை. அப்படி ஒரு லாரி வந்த காலையில் மென்பொருள் படுத்துவிட்டது. எண்ணூர் சாலை முழுக்க லாரிகள். வெயிலில் நின்ற டிரைவர்கள் எங்களைத் திட்டியது நியாயம்தான். முதலாளி கேட்டபோது, அது அக்கா எழுதிய பகுதி என்று மேனேஜர் கூசாமல் சொன்னார். நாங்கள் மறுத்துப் பேசியது எடுபடவில்லை. அன்றைக்கே அக்காவை வேலையை விட்டு அனுப்பினார்கள். கிளம்புமுன் அவர் லின்டரை ஆன் செய்து, அந்த வரியின் கீழே விழுந்த கோட்டைக் காட்டினார். முதலாளி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

போன வாரம் அதே மேனேஜர், வேறொரு கம்பெனிக்காக, நான் இப்போது வேலை பார்க்கும் இடத்துக்கு மென்பொருள் விற்க வந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. பெரிய டிவியில் அவருடைய நிரல் ஒரு கோடு இல்லாமல் பளிச்சென்று இருந்தது. லின்டரை ஆன் பண்ணச் சொன்னேன். எதற்கு, பார்க்கக் கலீஜாக இருக்கும் என்று சிரித்தார். அதே சிரிப்பு. பரவாயில்லை, பண்ணுங்கள் என்றேன். வேறு வழியில்லாமல் ஆன் செய்தார். திரை மேலிருந்து கீழ்வரை சிவந்தது.

"எல்லாம் உள்ளதான் குந்திகினு கீது சார்," என்றேன்.

அப்போதுதான் அவர் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.