ஒரு செம்பு நல்ல தண்ணீர்

மலையடிவார ஊரான ராஜபாளையத்தில் வாக்கப்பட்டு, கடலைக் கட்டிக்கொண்டு அழுகிறவள் என்று மாரிக்கனிக்குத் தெருவில் பேர். கிருஷ்ணன்கோவில் கல்லூரியில் கடல் உயிரினங்களைப் பற்றி ஆராய்ச்சி. கோடை விடுமுறைக்கு ஆய்வகத்தைப் பூட்டியதும், கடல்தண்ணீரில் எலும்புக்கூட்டு இறால்கள் இருந்த ஜாடியோடு பஸ் ஏறிவிட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறியவர்கள் மடியில் பால்கோவா, இவள் மடியில் ஜாடி.

நூல் போன்ற உடம்பு, நகத்தளவு நீளம். அவற்றில் ஒன்றுதான் தாய். குஞ்சுகளை மேலெல்லாம் ஒட்டவைத்துச் சுமந்தது. எது கிட்டே வந்தாலும் முன்கையை ஓங்கியது. குஞ்சுகள் தானாக இறங்கும்வரை அது பிழைத்தால்தான் மாரிக்கனியின் ஆராய்ச்சி கரை சேரும்.

"அப்பன் வந்தா?" என்று கேட்டான் பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்த கணவன் விக்னேஸ்வரன்.

"அவனுக்கும் அடிதான்."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் தூக்கினாலே ஒன்றரை வயது மகள் கார்த்திகா வீறிட்டு அம்மாவிடம் தாவுகிறாள். லீவோ முடியப்போகிறது.

மறுநாள் மத்தியானம் கரண்ட் இல்லை. ஜாடியில் காற்றுக் குமிழ் விடும் மோட்டார் நின்றுவிட்டது. மாரிக்கனி பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டு வந்தபோது, விக்னேஸ்வரன் ஜாடியின் ஓரமாகச் செம்பைச் சாய்த்துப் பையப் பைய ஊற்றிக்கொண்டிருந்தான்.

"என்னத்த ஊத்துறீங்க?"

"நல்ல தண்ணிதாம்ட்டி. பச்ச ஒடம்பு, எம்புட்டு நாளைக்கு உப்புத் தண்ணியிலயே கெடக்கும்?"

குழாயில் என்றைக்கோ ஒருநாள் வருகிற நல்ல தண்ணீர். விருந்தாளிக்குக்கூட அதற்குமேல் உபசாரம் கிடையாது. அவளால் முழுசாகத் திட்டவும் முடியவில்லை. "கொன்னுட்டீங்களே!" என்று மட்டும் கத்தினாள்.

ஜாடிக்குள் இருந்த கடல்பாசியின் மேல்கிளைகளைப் பற்றியிருந்த இறால்கள் வெளுத்துத் தொங்கின. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரோடு உடனே கலக்காது; கலக்கிவிடக் குமிழும் இல்லாததால் மேலேயே நின்றது. மேல்தண்ணீரை டிராப்பரால் உறிஞ்சி எடுத்தாள். அடியில் ஏதோ அசைந்தது. குஞ்சுகளோடு கீழே இறங்கி நின்றிருந்தது தாய். டிராப்பர் கிட்டே போனதும் அதையும் அடிக்க வந்தது. மாரிக்கனி அழுதுவிட்டாள்.

"இருக்குற தண்ணி பத்தாதுங்க. கடல்தண்ணி இல்லேன்னா இதுவும் போயிரும்."

விடிந்ததும் விக்னேஸ்வரன் இரண்டு கேனோடு தூத்துக்குடி பஸ்ஸைப் பிடித்தான். லீவில் மிச்சமிருந்ததே இரண்டு நாள். அதில் ஒன்று இதற்குப் போனது. பொழுது சாய, சட்டையில் உப்புப் பூக்க வந்து சேர்ந்தான். கேன்களை இறக்கிவிட்டு ஜாடியை எட்டிப் பார்த்தான். தாய் கையை ஓங்கியது. அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு கார்த்திகாவும் அவனையே முறைத்தாள்.

"அடிக்கட்டும். அப்பன் தண்ணியாச்சும் கொண்டாரலாம்ல?" என்றான்.

மாரிக்கனி பிள்ளையைத் தூக்கி அவனிடம் நீட்டினாள். பிள்ளை வீறிட்டது. இந்த முறை அவள் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.