அத்தானின் ஐந்து குதிரைகளும் பதினான்காம் விதியும்

சின்னக் குதிரை வளர்ப்போர் சங்கத்தின் விதிக்கோவையில் பதினான்காம் விதி இப்படிச் சொல்கிறது: ஆண்டுதோறும் அனுப்பப்படும் கேள்விக்கொத்துக்கு உறுப்பினர் தரும் விடைகள் சங்கத்தின் பொது அறிவுக்கு மட்டுமே உரியவை, எந்த உறுப்பினர்மீதும் நடவடிக்கை எடுக்க அவற்றைப் பயன்படுத்தலாகாது. ஆங்கிலத்தில் இரண்டே வரி. நிறுத்தக்குறிகள்கூடச் சரியான இடத்தில் இருந்தன. நான் அந்த விதியை நம்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

கொழும்பில் ஒரு திணைக்களத்தில் எழுதுவினைஞராகத் தொடங்கி, லண்டனில் ஒரு கவுன்சில் அலுவலகத்தின் கவுண்டருக்குப் பின்னால் முடித்தவள் நான். எந்தப் படிவத்தையும் பின்பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்குவது என் வழக்கம். முக்கியமானதை அங்கேதான் ஒளித்து வைப்பார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓய்வு பெற்றபோது என்னிடம் நிறைய நேரம் இருந்தது. அதை விழுங்குவதற்கு ஓர் அத்தானும் இருந்தார்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். லண்டனின் தெற்கு ஓரத்தில், சட்டன் என்ற ஊரில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். எண்பதுகளின் நடுவில் ஒருநாள், கடைக்குப் பழைய குளிர்ப்பெட்டி ஒன்று வாங்குவதற்காக நகரத்துக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டுக்குப் போனார். வீட்டுக்குப் பின்னால் வேலிக்குள் இரண்டு மினியேச்சர் குதிரைகள் நின்றன. முழுக் குதிரைதான். பிடரி, வால், குளம்பு, கோபம் எல்லாம் அளவாக உண்டு. உயரம் மட்டும் மனிதரின் இடுப்புக்குக் கீழே நின்றுவிடும். அத்தான் குளிர்ப்பெட்டியை மறந்துவிட்டார்.

"குளிர்ப்பெட்டி வாங்கப் போன மனுசன் குதிரையோட வந்து நிக்குது," என்று அக்கா அன்று தொலைபேசியில் கத்தினாள். "நல்ல காலம், நான் கப்பல் பாக்க அனுப்பேல்லை."

இரண்டு, சில வருடங்களில் நான்காயிற்று. அவற்றை வைத்திருக்கச் சங்கத்தில் சேர வேண்டியிருந்தது. ஏனென்றால் புல்வெளி சங்கத்தின் கையில் இருந்தது. சட்டனுக்குத் தெற்கே, வீடுகள் முடிந்து வேலிகள் தொடங்கும் இடத்தில் அந்த வெளி. ஒவ்வோர் உறுப்பினருக்கும் கம்பி அடித்துப் பிரித்த ஒரு துண்டு. ஒவ்வொரு தை மாத முடிவிலும் அந்த உரிமையைப் புதுப்பிக்க வேண்டும். துண்டு கிடைக்காமல் வரிசையில் காத்திருந்தவர்கள் பலர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தானோடு நானும் அங்கே போவேன். கவுன்சில் கவுண்டரில் இருந்த காலம் முழுவதும் திருப்தியான ஒரு மனிதரை நான் கண்டதில்லை. இங்கே அவர்கள் எல்லோரும் மொத்தமாக, கணுக்கால் சேற்றில் நின்றுகொண்டிருந்தார்கள். ஓய்வு பெற்ற பஸ் சாரதி ஒருவர் தன் இரண்டு குதிரைகளையும் உலகத்திலேயே புத்திசாலிகள் என்றார். ஒன்று அப்போது அவருடைய தொப்பியைத் தின்றுகொண்டிருந்தது. பல் வைத்தியரின் மனைவி ஒருவர் தன் ஆறு குதிரைகளும் ஒருநாளும் நோய் கண்டதில்லை என்று வாய் நிறையச் சொல்வார். அத்தான் அதைக் கேட்டதும் என்னை ஒருபக்கமாக இழுத்துப்போவார்.

"இப்பிடி வெளிப்படையாச் சொல்லினமே மச்சாள்! ஆறையும் எண்ணிப்போட்டுச் சொல்லுறா!"

"அவையளுக்கு நாவூறு தெரியாது அத்தான்."

"நாவூறுக்கு அவையளைத் தெரியுமல்லோ," என்றார் அத்தான்.

தன் குதிரைகளைப் பற்றி யார் கேட்டாலும் அவரிடம் ஒரே விடை. "ஏதோ இருக்கினம்." பிள்ளை நன்றாக வளர்ந்திருக்கிறது என்று யாராவது சொன்னால் உடனே "எங்கை, மெலிஞ்சு போச்சு" என்று, புகழ்ந்த வாயின் கண்ணேறு பட்டுவிடாமல் மறுத்துச் சொல்கிற வழக்கம்தான். எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் உண்டு. அத்தான் அதைக் குதிரைகளுக்கும் கொண்டுபோனார், அவ்வளவுதான்.

ஒரு வசந்தத்தில் அவருடைய வெள்ளைக் குதிரை குட்டி போட்டது. பிறந்தபோது ஒரு பெரிய பூனை அளவு. எழுந்து நின்று, விழுந்து, மறுபடி எழுந்து, அத்தானின் சப்பாத்து நாடாவைச் சூப்பிப் பார்த்தது. அத்தான் அதை யாருக்கும் சொல்லவில்லை. மூன்று கிழமைகள் கடையில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வெண்டிக்காய் நிறுத்தார். சரியாக அந்த மூன்றாம் கிழமை சங்கத்தின் கேள்விக்கொத்து வந்தது.

படிவம் நிரப்புவது என் வேலை. கடைக் கவுண்டரில் வைத்து நான் வாசிக்க அத்தான் விடை சொன்னார். வேலி, தண்ணீர், பூச்சிமருந்து எல்லாம் ஒழுங்காகப் போயின. ஏழாவது கேள்வி: உங்கள் குதிரைகளில் நீங்கள் எவ்வளவு திருப்தி அடைகிறீர்கள்?

"பரவாயில்லை எண்டு போடும்."

"அப்பிடி ஒரு கட்டம் இல்லை அத்தான். மிக்க திருப்தி, திருப்தி, திருப்தியில்லை, துப்பரவாத் திருப்தியில்லை. நாலே நாலுதான்."

அத்தான் கதவுப் பக்கம் பார்த்தார். கடையில் ஒருவரும் இல்லை. இருந்தும் குரலைத் தாழ்த்தினார். "மூண்டாவதைப் போடும்."

"திருப்தியில்லை எண்டோ?"

"குட்டி பிறந்து மூண்டு கிழமை மச்சாள். இப்ப போய் எழுத்தில குடுக்கச் சொல்லுறீரோ?"

எனக்குப் பதினான்காம் விதி நினைவுக்கு வந்தது. யாருக்கும் தெரியப் போவதில்லை, யாருக்கும் எதுவும் ஆகப் போவதில்லை. மூன்றாவது கட்டத்தில் அழகாக ஒரு சரி போட்டேன். வேறு யாராவது அப்படிச் செய்திருந்தால் கவுண்டருக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஒரு முழு விரிவுரை நடத்தியிருப்பேன்.

ஆறு கிழமையில் கடிதம் வந்தது. எங்கள் உறுப்பினர் தம் குதிரைகளில் திருப்தியற்று இருப்பதை அறிந்து வருந்துகிறோம். அவற்றை விருப்பத்தோடு வளர்க்கக்கூடிய வேறோர் உறுப்பினரிடம் ஒப்படைப்பது பற்றி நலன்பேண் குழு ஆராயும். புல்வெளித் துண்டும் தை முடிவோடு வரிசையில் காத்திருப்பவருக்குப் போகும். முதலில் ஒருவர் நேரில் வந்து பார்ப்பார்.

அத்தான் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். "ஒப்படைக்கிறதெண்டால்?"

"வேற ஆக்களுக்குக் குடுக்கிறது."

"அஞ்சையுமோ?"

"ஓம்."

அவர் உள்ளே போய் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். அன்று கடைக்கு வந்தவர்களுக்கு நான்தான் சாமான் கொடுத்தேன்.

பார்க்க வந்தவர் பச்சை ரப்பர் பூட்ஸ் போட்ட உயரமான பெண்மணி. கையில் பலகையும் பேனாவும். குதிரைகளை நன்றாகத்தான் பார்த்தார். குளம்பைத் தூக்கினார், பல்லைப் பார்த்தார், விலாவைத் தடவினார். குட்டியிடம் வந்ததும் நின்றுவிட்டார். அதன் நெற்றி நடுவே, வெள்ளை மயிரில், ஒரு காசளவு கறுப்பு வட்டம். விரலால் தொட்டார். கறுப்பு விரலில் ஒட்டியது. உடனே ஏதோ எழுதினார்.

அது அக்காவின் கண்மை. அத்தான் தினமும் காலையில் புதிதாக வைப்பார்.

"குட்டி எப்படி வளர்கிறது?" என்று அந்தப் பெண்மணி ஆங்கிலத்தில் கேட்டார்.

மத்தளம் போன்ற வயிற்றோடு எங்கள் முன்னால் நின்ற குட்டியைக் காட்டி, அது மிகவும் மெலிந்துவிட்டது என்றார் அத்தான், அவரும் ஆங்கிலத்திலேயே. பெண்மணி குட்டியைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார், இன்னொரு வரி எழுதினார். நாவூறு என்பதை நான் விளக்க முயன்றேன். என் ஆங்கிலம் கவுன்சில் ஆங்கிலம். வரி, வாடகை, வடிகால் ஆகியவற்றை அதில் பிழையில்லாமல் விளக்கலாம். இதை விளக்கியபோது, குதிரைக்கு யாரோ விஷம் வைக்கப் பார்ப்பதாக அவர் விளங்கிக்கொண்டார். அதையும் எழுதினார்.

ஒப்படைக்கலாம் என்பது குழுவின் முடிவு. மேன்முறையீட்டுக்குப் பதினான்கு நாள். நான் மூன்றாம் நாளே எழுதிவிட்டேன். பதினான்காம் விதிக்கு மட்டும் இரண்டு பக்கம். இணைப்பு ஒன்று: குளம்பு வெட்ட வருபவரின் நற்சாட்சி. இணைப்பு இரண்டு: ஒவ்வொரு குதிரையின் சுற்றளவையும் அத்தான் கிழமைதோறும் அளந்து குறித்த கொப்பி. இன்னும் வேண்டியிருந்தது ஒன்றுதான். உறுப்பினரே கையெழுத்திட்ட ஒரு கூற்று.

"இதில கையெழுத்து வையுங்கோ அத்தான்."

அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். "'மிக்க திருப்தியும் பெருமையும்'... பெருமையெண்டெல்லாம் எழுதியிருக்கிறீர். உமக்கென்ன விசரே?"

"இது இல்லாட்டி குதிரையள் போயிடும்."

"இது இருந்தா குதிரையளுக்கு ஏதும் வந்திடும்."

"அப்ப என்னதான் செய்யிறது?"

"அதை உம்மட்டைத்தானே கேக்கிறன். நீர்தானே கந்தோரில படிவங்களோட இருந்தனீர்."

கையெழுத்து வைக்கவில்லை. பேனாவைக்கூடத் தொடவில்லை. குதிரைகளை இழப்பது ஒரு பயம். அவற்றுக்கு ஏதாவது வந்துவிடுவது அதைவிடப் பெரிய பயம். என்னிடம் இருந்த எந்த நடைமுறையும் இதற்கு உதவவில்லை. அப்போது குசினிக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது.

"திருப்தியோ இல்லையோ எண்டு என்னை ஒருத்தரும் கேக்கேல்லையே. கேக்கச் சொல்லு, நான் சொல்லுறன்."

"சொல்லன் அக்கா," என்றேன் எரிச்சலோடு.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "எழுதடி. கடை திறக்க முதல் இந்த மனுசன் எங்கை? புல்வெளியில. லண்டனுக்கு மற்றப் பக்கம், ஃபாரஸ்ட் கேட்டில என்ர சொந்தத் தம்பியின்ர மகளுக்குக் கலியாணம். தாலி கட்டி முடியேல்லை, மழை தூறத் துவங்கிட்டுது, கொட்டில் ஒழுகுமெண்டு எழும்பி ஓடினவர். நான் ரயிலில தனிய வந்தன். என்ர நல்ல கம்பளிப் போர்வை இப்ப ஆரின்ர முதுகில? விறாந்தையில பிள்ளையளின்ர பள்ளிக்கூடப் படங்களைக் கழட்டிப்போட்டு அஞ்சு குதிரையின்ர படம். இருபத்தஞ்சு வருசத்தில நீ நித்திரை கொண்டனியோ எண்டு என்னை ஒருநாள் கேட்டிருப்பாரே? அதுகளை ஒவ்வொண்டாக் கேக்கிறார்!"

நான் பேனாவை எடுத்துவிட்டேன்.

ஒரு சொல்லும் மாற்றாமல் ஆங்கிலத்தில் எழுதினேன். மூன்று பக்கம் வந்தது. அதில் ஓரிடத்திலும் திருப்தி என்ற சொல் இல்லை, புகழ்ச்சி இல்லை, நாவூறு புகுவதற்கு ஓர் ஊசித் துவாரம் இல்லை. முழுக்க முழுக்க ஒரு மனைவியின் முறைப்பாடு. அக்கா மிகுந்த மகிழ்ச்சியோடு கையெழுத்திட்டாள். அத்தான் வாசித்துவிட்டு, "எல்லாம் உண்மைதான்" என்று சொல்லி, தானே கொண்டுபோய்த் தபாலில் போட்டார். இணைப்பு மூன்று.

இருபத்தெட்டு நாளில் பதில் தர வேண்டும் என்பது அவர்களுடைய விதி, இருபத்திரண்டாவது. இருபத்தொன்பதாம் நாள் நான் முதல் நினைவூட்டல் அனுப்பினேன். இலை உதிரத் தொடங்கியபோது இரண்டாவது. மூன்றாவதைத் தலைவருக்குப் பிரதியோடு. நான்காவதைப் பதிவுத் தபாலில். அத்தான் ஒவ்வொரு நாளும் தொலைபேசியில் ஒரே சொல் கேட்பார்: "வந்ததோ?" புல்வெளியில் மற்றவர்கள் அவருக்கு ஆறுதல் சொன்னார்கள், சொல்லும்போதே தங்கள் குதிரைகளின் அருமை பெருமைகளையும் சேர்த்துச் சொன்னார்கள். அது அவர்களால் அடக்க முடியாத வியாதி.

மார்கழியில் நான் போனபோது அத்தான் குதிரைப் போர்வைகளைத் தைத்து, மடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டுக் குத்திக்கொண்டிருந்தார். எது எந்தக் குதிரைக்கு, எந்தக் குதிரைக்கு எந்தப் பக்கத்தில் சொறிந்தால் பிடிக்கும் என்றெல்லாம் அதில் எழுதியிருந்தது.

"என்ன அத்தான் இது?"

"கொண்டுபோற ஆக்களுக்குத் தெரியவேணுமல்லோ."

நான் வீட்டுக்கு வந்து ஐந்தாவது நினைவூட்டலை எழுதினேன். அதில் மரியாதைச் சொற்களைக் குறைத்திருந்தேன்.

தைப்பொங்கல் வந்தது. மறுநாள் பட்டிப்பொங்கல், மாடுகளுக்கு நன்றி சொல்லும் நாள். அத்தானிடம் மாடு இல்லை. அதனால் ஒவ்வொரு வருடமும் அந்தப் பொங்கல் குதிரைகளுக்குத்தான். கொட்டிலுக்குப் பக்கத்தில் காஸ் அடுப்பை வைத்துப் பொங்குவார். எல்லாவற்றுக்கும் பூமாலை, ஒன்றின் கழுத்து மாலையை மற்றது தின்றுவிடும். சர்க்கரைப் பொங்கல் சின்னக் குதிரைகளின் குளம்புக்கு ஆகாது என்பதால் அதை நாங்கள் சாப்பிடுவோம். அவற்றுக்கு ஆளுக்கு ஒரு கரட். அந்த வருடமும் அப்படியே செய்ய வேண்டும் என்று அத்தான் உறுதியாக இருந்தார். கடைசித் தரமாக இருக்கலாம் என்று சொல்லவில்லை. எங்களுக்குத் தெரிந்திருந்தது.

நான் புறப்பட்டபோது தபால்காரர் வந்தார். உறையைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. பஸ்ஸில் வைத்துப் பிரித்தேன். மூன்று பந்தி. முதலாவது, செயலாளர் வீடு மாறியதால் தாமதம், வருந்துகிறோம். இரண்டாவது, இணைப்பு மூன்று குழுக் கூட்டத்தில் உரக்க வாசிக்கப்பட்டது; உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டபடி மறுபடியும் வாசிக்கப்பட்டது; தம் மனைவியால் இவ்விதம் முறைப்பாடு செய்யப்பட்ட ஒருவரைத் திருப்தியற்றவராகக் கருத இயலாது. புல்வெளித் துண்டு புதுப்பிக்கப்படுகிறது. குட்டிக்காகப் பக்கத்தில் இன்னொரு துண்டும் தரப்படுகிறது. மூன்றாவது, புதிய ஆண்டின் கேள்விக்கொத்து இத்துடன் உண்டு. பதினான்காம் விதியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

சேற்றுக்குள் நின்றபடி அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் "ம்" என்றார். பிறகு திரும்பிக் குனிந்து அடுப்பை ஊதத் தொடங்கினார். காஸ் அடுப்பை ஊத வேண்டியதில்லை. நெடுநேரம் ஊதினார்.

"சந்தோசமோ அத்தான்?"

"பரவாயில்லை," என்றார் முகத்தைக் காட்டாமல்.

"அந்தப் படிவத்தை இஞ்சை கொண்டா," என்றாள் அக்கா. கேள்விக்கொத்தை வாங்கினாள். முதலில் கைப்பையிலிருந்து கண்மையை எடுத்து, குட்டியின் நெற்றியில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள். பிறகு என் பேனாவை வாங்கி, ஏழாவது கேள்வியில், 'மிக்க திருப்தி' என்ற முதலாவது கட்டத்தில், ஆழமாக ஒரு சரி போட்டாள். அத்தான் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. குட்டி படிவத்தின் ஒரு மூலையைக் கடித்துத் தின்றது.

நான் பழைய பழக்கத்தில் கடிதத்தின் மேல்மூலையில் குறித்தேன்: கிடைத்தது, தை இரண்டாம் திகதி.